தசமி வண்டியும் அமாவாசைச் சேறும்

புது இயந்திரம் வந்த அன்று எங்கள் ஆய்வகத்தில் தேங்காய் உடைத்தார்கள். ஓய்வுபெற்றுவிட்ட என்னையும் மறக்காமல் கூப்பிட்டிருந்தார்கள். அந்த இயந்திரத்தின் குழாய்க்குள் ஆற்றுத் தண்ணீரை விட்டால் போதும். அதில் மிதக்கும் நுண்பாசிகளைத் தானே படம் பிடித்து, இனம் பிரித்து, எண்ணிக்கையும் சொல்லிவிடுகிறது. நான் ஒரு நாள் முழுக்கக் குனிந்து செய்த வேலையை, கையிலிருந்த காபியை நான் குடித்து முடிப்பதற்குள் அது செய்து முடித்தது. புதிதாகச் சேர்ந்திருக்கும் ஆராய்ச்சியாளர் ஹரிணி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண் கலங்குவேன் என்று எதிர்பார்த்தாள் போலிருக்கிறது.

"இது அப்பவே வந்திருந்தா என் கழுத்துக்குப் பட்டை போட வேண்டி வந்திருக்காதே, பாவி மெஷினு இவ்ளோ லேட்டா வந்திருக்குது!" என்றேன்.

அவள் சிரித்துவிட்டு, "ஆனா அந்தச் சேத்துக் கேஸை இது இல்லாமதானே மேடம் ஜெயிச்சீங்க? எப்படின்னு எழுதிக் குடுங்களேன்" என்று கேட்டாள்.

ஜெயித்தது உண்மைதான். அதனால் அடக்கம் எல்லாம் பார்க்காமல் எழுதுகிறேன்.

நான் சத்தியவேடு பக்கத்துக் கிராமத்துப் பெண். வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் தெலுங்கு, பரீட்சையில் ஆங்கிலம். சித்தூரில் பட்டப்படிப்பு, திருப்பதியில் மேல்படிப்பு, அப்படியே அலிபிரி போகும் வழியில் இருந்த நீர்வாழ் உயிரின ஆய்வகத்தில் வேலை. என் நைனாவுக்கு மட்டும் கடைசி வரைக்கும் என் வேலை புரியவில்லை. "சொர்ணமுகி ஆத்துல பாசி எண்ணறியா? திருப்பதியாண்ட அந்த ஆத்துல தண்ணியே கெடையாதே!" என்பார். அவர் சொன்னதிலும் தப்பில்லை. திருப்பதியில் அது மணலும் சாக்கடையும்தான். அதே ஆறு காளஹஸ்தி தாண்டி, நாயுடுப்பேட்டை தாண்டி, கடலைத் தொடும் இடத்தில் அகலமாக விரிந்து கிடப்பதை அவர் பார்த்ததில்லை.

எங்கள் கேள்வி எல்லாம் அந்த முகத்துவாரத்தைப் பற்றித்தான். கடல் தினமும் ஏற்றத்தில் உள்ளே ஏறும், வற்றத்தில் வெளியே வடியும். அதில் மிதக்கும் நுண்பாசிகள் கண்ணுக்கே தெரியாதவை. பெரும்பாலானவற்றுக்கு வாலும் கிடையாது, துடுப்பும் கிடையாது. தண்ணீர் போகும் பக்கம் போக வேண்டியதுதான் அவற்றின் விதி. அப்படியானால் சில நாட்களிலேயே வற்றம் அவற்றை மொத்தமாகக் கடலுக்கு அள்ளிக்கொண்டு போயிருக்க வேண்டும். ஆனால் முகத்துவாரத்தில் பாசி தீர்ந்துபோனதாக யாரும் சொல்லவில்லை. இரண்டு பக்கமும் திறந்து கிடக்கும் வீட்டில் இவை எப்படிக் குடித்தனம் நடத்துகின்றன?

இந்தக் கேள்விக்கு என்னைப் பழக்கியவர் எங்கள் தலைமை விஞ்ஞானி சாரதா மேடம். குள்ளமான உருவம், கஞ்சி போட்ட பருத்திப் புடவை, காலில் ஓட்டப்பந்தயக்காரர்கள் போடும் ஷூ. யாரையும் திட்டமாட்டார். திட்டினால்கூடத் தேவலை என்றிருக்கும். நான் ஒரு எண்ணைக் கொண்டுபோய்க் கொடுத்தால், "எந்தத் தண்ணி? மேல் தண்ணியா, அடித் தண்ணியா? ஏற்றமா, வற்றமா?" என்று கேட்பார். எல்லாம் சொன்ன பிறகு, சீசாவின் பெயர்ச்சீட்டு மேல் ஒரு பிளாஸ்திரியை ஒட்டி மறைத்து, வேறு சீசாக்களோடு கலந்து, "மள்ளீ சூடம்மா" என்பார். 'மறுபடியும் பார்' என்று அர்த்தம். ஒரு தடவை ஒரே சீசாவை எனக்கு மூன்று முறை கொடுத்தார். மூன்றாவது முறை, அதற்குள் விழுந்து கிடந்த ஒரு கொசுக்காலை அடையாளம் வைத்துக் கண்டுபிடித்தேன். "கொசுக்காலை எண்ணிக்கையில சேர்க்கலையே?" என்று கேட்டாரே தவிர, ஒரு சிரிப்புகூட இல்லை.

வேலை எப்படி என்பதையும் சொல்லிவிடுகிறேன், இயந்திரம் வந்த பிறகு இதைச் சொல்ல ஆள் இருக்கமாட்டார்கள். இரண்டு பக்கமும் வாய் திறந்த சீசாவைக் கயிற்றில் கட்டி அடிவரைக்கும் இறக்க வேண்டும். கயிற்றோடு ஒரு பித்தளைக் குண்டை வழுக்கி விட்டால் அது போய் இடித்து இரண்டு மூடிகளும் மூடிக்கொள்ளும். அந்த 'டொக்' கைக்குத் தெரியும், காதுக்குத் தெரியாது. மேலே வந்த தண்ணீரில் அயோடின் சொட்டு விட வேண்டும், பால் ஊற்றாத டீயின் நிறம் வரும்வரை. அதிகமானால் பாசி கறுத்துவிடும், குறைந்தால் அழுகிவிடும். ஆய்வகத்தில் உயரமான கண்ணாடிக் குழாயில் ஊற்றி அசைக்காமல் வைத்தால் எல்லாம் அடியில் படியும். மேல் தண்ணீரை மெல்ல உறிஞ்சி எடுத்துவிட்டு, மிஞ்சியதில் ஒரு சொட்டு கட்டம் போட்ட கண்ணாடித் தகட்டுக்கு. அப்புறம் கட்டம் கட்டமாக எண்ணுவது. ஊசி மாதிரி, சங்கிலி மாதிரி, படகு மாதிரி என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வடிவம். கண்ணாடிக் கூடு கட்டிக்கொண்டு வாழும் டயட்டம் என்ற இனம்தான் இதில் அழகி.

இப்படிப் பல வருடம் எண்ணி நாங்கள் கண்டது என்ன? முகத்துவாரத் தண்ணீரில் பாசி குறைவு. இருப்பதிலும் கடல் இனம்தான் அதிகம். ஆக, பாசி ஏற்றத்தில் கடலிலிருந்து வருகிறது, வற்றத்தில் போகிறது, முகத்துவாரத்துக்கென்று சொந்தமாக எதுவும் இல்லை என்று அறிக்கை எழுதினோம். யாரும் சண்டைக்கு வரவில்லை. பாசிக்காக யார் வருவார்கள்?

பிறகு மாவட்டத்தைப் பிரித்தார்கள். மலையை மட்டும் பார்த்துப் பழகிய திருப்பதிக்காரர்களுக்குத் திடீரென்று கடற்கரை சொந்தமாகிவிட்டது. புது மாவட்டம், புது ஆபீஸ், புது ஆசை. முகத்துவாரத்தை ஒட்டி வளைந்து போகும் ஒரு பக்க ஓடையை ஆழமாக வெட்டி, சேற்றை முழுக்க வாரிவிட்டு, பெரிய படகுகள் கட்டும் துறை அமைக்க ஒரு திட்டம் வந்தது. 'ஓடையில் இருப்பது வெறும் சேறு, வாரினால் எந்த உயிருக்கும் நஷ்டமில்லை' என்று அதில் எழுதியிருந்தார்கள். ஆதாரமாகக் காட்டியது எங்கள் அறிக்கையை.

இது எங்களுக்கே தெரியாது. வழக்கம்போல் ஒரு நாள் தண்ணீர் எடுக்கப் போனபோது, முழங்கால் சேற்றோடு ஒரு அம்மாள் கூடையைத் தூக்கிக்கொண்டு எங்களை நோக்கி வந்தாள். பெயர் நாகம்மா. பழவேற்காட்டுப் பக்கத்திலிருந்து அந்தக் குப்பத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள், அதனால் தமிழ் பேசுவாள். ஓடையில் மட்டிச் சிப்பி பொறுக்கி விற்பவள். வந்த வேகத்தில் கூடையை எங்கள் காலடியில் கவிழ்த்தாள். மட்டிகள் கடகடவென்று கொட்டின.

"இன்னாம்மா எழுதிக் குடுத்துட்டு வந்து நின்னுக்கினு கீறீங்க? வெறும் சேறா இது? இந்த ஓடையில மட்டி பொறுக்கித்தான் ரெண்டு பொண்ணையும் படிக்க வச்சுக்கினு கீறேன். இத்த வாரிட்டா நான் இன்னாத்த பொறுக்கறது? வெறும் சேத்த துன்னுட்டா இது இத்தாம் பெருசு வளந்துக்கினு கீது?"

எனக்குக் கோபம் வந்தது. படித்த திமிர் என்று சொல்லிக்கொள்ளுங்கள். மேடம் மட்டும் குனிந்து ஒரு மட்டியை எடுத்துக் கைக்குட்டையில் முடிந்துகொண்டார். திரும்பும்போது காளஹஸ்திக் கோபுரம் கண்ணில் பட்ட பிறகு, "அந்தம்மா கேட்டது சரியான கேள்வி. மட்டி தண்ணியில இருக்கிற பாசியை வடிகட்டித் தின்னுது. நம்ம கணக்குப்படி அங்க பாசி இல்லை. அப்போ இவ்வளவு மட்டி எதைத் தின்னு வளருது?" என்றார்.

அந்தக் கேள்வியை நானே கேட்டிருக்க வேண்டும். திட்டத்தை முடிவு செய்யும் கூட்டம் இன்னும் சில வாரத்தில். அதற்குள் நாங்கள் பதில் கண்டுபிடிக்காவிட்டால் எங்கள் கையெழுத்தை வைத்தே நாகம்மாவின் ஓடையை வாரிவிடுவார்கள்.

மறுநாள் காலையில் மேடம், "வியாழக்கிழமை மறுபடி போறோம்" என்றார். வாசலில் எங்கள் டிரைவர் முனிரத்தினம் அண்ணன் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். வெதுருகுப்பத்துத் தெலுங்குக்காரர். வண்டியையும் எங்களையும் ஒரே அக்கறையோடு பார்த்துக்கொள்பவர்.

"வியாழக்கிழமை அமாவாசை மேடம். வண்டி கேட்டைத் தாண்டாது. அடுத்த தசமிக்குப் போலாம், எப்பவும் போற மாதிரி."

"எப்பவும் தசமிதானா அண்ணா? பௌர்ணமிக்குப் போனா என்ன?" என்றேன் நான்.

"பௌர்ணமிக்கு நான் திருவண்ணாமலை சுத்தப் போய்டுவேன்னு தெரியாதா உங்களுக்கு? இத்தினி வருஷமா தசமி தசமியா போய்க்கினு வந்துக்கினு கீறோம். ஒரு பஞ்சராவது ஆச்சா?"

பஞ்சர் ஆகவில்லைதான். ஆனால் 'தசமி தசமியா' என்ற அந்த வார்த்தையில் எனக்கு உடம்பே ஒரு தரம் தூக்கிப் போட்டது.

கடலோரத்து ஆட்களுக்குத் தெரியும், மலையடிவாரத்து ஆட்களுக்காகச் சொல்கிறேன். அமாவாசை, பௌர்ணமி ஒட்டிய நாட்களில்தான் கடல் நன்றாக ஏறும், நன்றாக வடியும். நடுவில், அஷ்டமி கழிந்து தசமி வாக்கில், அது சோம்பல் முறித்துவிட்டுப் படுத்துக்கொள்ளும். ஏற்றமும் சொற்பம், வற்றமும் சொற்பம். எங்கள் பக்கத்துத் தெலுங்குக் குடும்பங்களில் அமாவாசையன்று நல்ல காரியத்துக்குக் கிளம்பமாட்டார்கள். தசமி என்றால் யோசிக்காமல் கிளம்புவார்கள். பௌர்ணமிக்கு டிரைவர் ஊரில் இல்லை. ஆக, எங்கள் ஆராய்ச்சித் திட்டத்தை வகுத்தது விஞ்ஞானம் இல்லை, பஞ்சாங்கம்!

"மேடம், இத்தனை வருஷத்துல நாம இந்தக் கடல் முழிச்சிருக்கும்போது ஒரு தடவைகூடப் பார்க்கலை" என்றேன்.

மேடம் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். பிறகு தனக்குத்தானே சொல்லிக்கொள்வதுபோல், "மள்ளீ சூடாலி" என்றார். மறுபடியும் பார்க்க வேண்டும். இந்தத் தடவை அது அவருக்கு.

ஆனால் வண்டி? தமிழ்க் குடும்பமான எங்களுக்கு அமாவாசை நிறைந்த நாள். எங்கள் வீட்டில் டிராக்டர் வந்து இறங்கியதே அமாவாசை அன்றுதான். இதைச் சொன்னதும் முனிரத்தினம் அண்ணன், "அது உங்க அமாவாசை, இது எங்க வண்டி" என்று முடித்துவிட்டார். மேடத்துக்குமே உள்ளுக்குள் கொஞ்சம் உதறல்தான். வெளியே காட்டிக்கொள்ளவில்லை. அப்போதுதான் எனக்குப் பரஸ்தானம் ஞாபகம் வந்தது. நாள் சரியில்லாதபோது கிளம்ப வேண்டியிருந்தால், முன்கூட்டியே ஒரு நல்ல நாளில் ஒரு சாமானை மட்டும் வேறு இடத்தில் கொண்டுபோய் வைத்துவிடுவார்கள். பயணம் அன்றே தொடங்கிவிட்டதாகக் கணக்கு. இது இரண்டு பக்கத்துக்கும் பொது.

"அண்ணா, சீசாப் பெட்டியை நல்ல நேரம் பாத்து எதிர் டீக்கடையில வச்சிடலாம். அப்ப கிளம்பின மாதிரிதானே?"

அவர் மேலும் கீழும் பார்த்தார். சட்ட நுணுக்கம் எடுபட்டது. "பொட்டி கெளம்பிட்டா வண்டியும் கெளம்பின மாதிரிதான். ஆனா பொட்டிக்குள்ள எலுமிச்சம்பழம் ஒண்ணு வச்சிடணும்" என்றார். வைத்தோம். அயோடின் சீசாவுக்கும் பித்தளைக் குண்டுக்கும் நடுவில் ஒரு எலுமிச்சம்பழம் ஜம்மென்று உட்கார்ந்துகொண்டது.

அமாவாசையன்று நாங்கள் போய்ச் சேர்ந்தபோது ஓடையைக் காணோம். தசமி தோறும் எங்கள் படகு மிதந்த இடம் முழுக்கத் தண்ணீர் வடிந்து, வெயிலில் விரிந்து கிடந்தது சேறு. அந்தச் சேறு கறுப்பாக இல்லை. அதன் மேல் பொன் பூசியது மாதிரி பழுப்பும் மஞ்சளுமாக ஒரு மெல்லிய தோல் படர்ந்திருந்தது. விரலால் தொட்டால் வழுவழுவென்றது. மேடம் சேற்றில் மண்டியிட்டுவிட்டார், கஞ்சி போட்ட புடவையோடு.

பிறகு ஏற்றம் வந்தது. தசமியின் ஏற்றம் பூனை நடை. இது எருமைக் கூட்டம். வளைவில் புரண்டு, அந்தப் பொன் தோலைக் கிழித்து வாரித் தண்ணீரெல்லாம் கலக்கியது. நாங்கள் இறக்கிய, பாசி பிடிக்கும் மெல்லிய வலை பழுப்பு நிறக் கூழால் அடைத்துக்கொண்டது. ஏற்றம் முழுக்க எடுத்தோம், நின்ற தண்ணீரில் எடுத்தோம், வற்றம் முழுக்க எடுத்தோம். வற்றம் ஓய்ந்தபோது, வளைவுக்குப் பின்னால் தண்ணீர் தயங்கும் இடத்தில், கலங்கல் மெல்லக் கீழே இறங்கிப் படிவதைக் கண்ணாலேயே பார்த்தோம்.

திருப்பதிக்கு வந்து மைக்ரோஸ்கோப்பில் கண் வைத்தேன். ஒவ்வொரு கட்டத்திலும் படகு வடிவ டயட்டம்கள். கடலில் மிதப்பவை இல்லை, சேற்றில் ஊர்ந்து வாழ்பவை. எழுந்து கத்த வேண்டும்போலிருந்தது, கத்தியும் விட்டேன். மேடம் வந்தார், பார்த்தார், பிளாஸ்திரிச் சுருளை எடுத்தார். மள்ளீ சூடம்மா. எண்ணினேன். மறுபடி எண்ணினேன். அடுத்த தசமிக்குப் போய், தெளிந்த தண்ணீரையும் அதற்கு அடியில் இருந்த சேற்றையும் தனித்தனியாக எடுத்து வந்து எண்ணினேன். தண்ணீரில் ஆள் இல்லை. அத்தனையும் சேற்றுக்குள் இருந்தன.

விஷயம் இவ்வளவுதான். கடல் வலுத்தால் பாசி கிளம்பித் தண்ணீரோடு சுற்றும், வெளியே கொஞ்சம் போய்விடும். கடல் தளர்ந்தால் ஓடை வளைவில் இறங்கிச் சேற்றுக்குள் புகுந்துகொள்ளும். அடித்தண்ணீரில் மாட்டியவற்றை, கீழே உள்நோக்கி நகரும் உப்புத் தண்ணீரே திருப்பிக் கொண்டுவந்து விடும். சேற்றில் இருப்பவை வெயில் பட்டதும் மேலே வந்து பெருகும். ஊரில் பாதிப் பேர் பஸ் ஏறிப் போய்விட்டாலும் வீட்டில் அடுப்பு எரிந்துகொண்டே இருப்பது மாதிரி. நாகம்மாவின் மட்டிக்குச் சோறு போடும் அந்த அடுப்பைத்தான் வாரி எறியப் பார்த்தார்கள்.

குப்பத்துக்குப் பக்கத்தில் நடந்த கூட்டத்தில் எங்கள் படங்களைப் பார்த்த திட்டப் பொறியாளர், "மேடம், இது எந்த ஊரு சேறுன்னு யாருக்குத் தெரியும்? படத்துல எல்லாச் சேறும் ஒண்ணுதான்" என்றார். கெட்டவர் இல்லை, அவருக்கு அவர் துறைமுகம். அவர் இப்படிச் சொல்வார் என்று எனக்குத் தெரியும். அதனால் காலையில் அவர்கள் ஓடையைப் பார்க்க வந்தபோதே, எல்லார் முன்னிலையிலும் நாகம்மாவே ஓடையிலிருந்து ஒரு தட்டு சேறு அள்ளிக் கொடுத்திருந்தாள். அதன் மேல் லென்ஸ் துடைக்கும் வெள்ளைத் தாளை ஒட்டினாற்போல் விரித்து வைத்திருந்தேன். வெளிச்சம் பட்டால் சேற்றிலிருந்து டயட்டம்கள் மேலே ஏறித் தாளின் இழைகளுக்குள் புகுந்துவிடும்.

"இன்னா மேடம், சேத்துக்குப் போர்வை போர்த்தி வச்சிருக்கீங்க?" என்று அவர் கேட்டதும் சபையே சிரித்தது. அதோடு, அவருடைய படங்களைத் திரையில் காட்ட ஜன்னல் திரைகளை எல்லாம் இழுத்து மூடிவிட்டார்கள். வெளிச்சம் இல்லாவிட்டால் ஒன்றும் மேலே வராது. தட்டைத் தூக்கிக்கொண்டு போய்த் திரைக்கும் ஜன்னல் கண்ணாடிக்கும் நடுவில் சொருகி வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தேன். உள்ளே என்ன நடக்கிறதென்று எனக்கும் தெரியாது.

பொறியாளர் பேசினார். துறையைப் பற்றி, கான்கிரீட்டைப் பற்றி, கான்கிரீட்டின் வகைகளைப் பற்றி. டீ வந்தது, போனது, அவர் பேசிக்கொண்டே இருந்தார். அந்த நீளமான பேச்சுக்கு நான் இன்றைக்கும் நன்றிக்கடன் பட்டிருக்கிறேன். ஒவ்வொரு வார்த்தைக்கும் என் பாசி ஒரு படி ஏறியிருக்கும்.

அவர் முடித்ததும் நான் எழுந்துபோய் ஜன்னல் திரையை ஒரே இழுப்பாக இழுத்தேன். தாள் இப்போது வெள்ளை இல்லை. தங்கத் தகடு மாதிரி மின்னியது.

யாரும் சிரிக்கவில்லை. கூட்டத்தை நடத்திய தலைமை அதிகாரி எழுந்து வந்தார். இடுக்கியால் தாளின் ஒரு துணுக்கைக் கிள்ளி மைக்ரோஸ்கோப்பில் வைத்துக் கொடுத்தேன். குனிந்தவர், "நடக்குது... இதெல்லாம் நடக்குது!" என்றார் சின்னப் பையன் மாதிரி.

அப்போது மேடம் எழுந்தார். "எங்க பழைய அறிக்கை பொய் இல்லை சார். ஆனா தசமி அன்னிக்கு மட்டும்தான் அது உண்மை. அதுல நான்தான் கையெழுத்துப் போட்டேன். இன்னிக்கு நானே திருத்தறேன்" என்றார். எத்தனையோ பெரியவர்களைப் பார்த்திருக்கிறேன். அன்றைக்கு அந்தக் குள்ள உருவம் எனக்கு அலிபிரி கோபுர உயரத்துக்குத் தெரிந்தது.

ஓடை தப்பியது. படகுத்துறை முகத்துவாரத்தின் எதிர்க்கரையில், மணல்பாங்கான இடத்துக்குப் போனது. அங்கே இன்னும் உறுதியாக நிற்கிறது என்று பொறியாளரே பிறகு சொன்னார். வெளியே வந்தபோது நாகம்மா என்னைக் கட்டிக்கொண்டாள். என் பட்டுப்புடவையில் அன்று ஒட்டிய சேற்றுக் கறை சலவைக்குப் போயும் போகவில்லை. போகவும் வேண்டாம்.

போன மாதம் ஹரிணியோடு அங்கே போய் வந்தேன். அமாவாசைதான். முனிரத்தினம் அண்ணனும் ஓய்வுபெற்றுவிட்டார், ஆனால் புது டிரைவருக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டுத்தான் போயிருக்கிறார். தேங்காய் உடைத்து வரவேற்ற அந்த இயந்திரம் முந்தின நாள் ராத்திரி எதிர் டீக்கடையில் பால் கேனுக்குப் பக்கத்தில் தங்கியது, எலுமிச்சம்பழத்தோடு.

ஓடை வடிந்து கிடந்தது. ஹரிணி இயந்திரத்தின் குழாயைத் தண்ணீரில் விட்டுவிட்டு, அதன் திரையையே பார்த்துக்கொண்டு நடந்தாள். கால் புதைந்தது. முகத்தைச் சுளித்துக்கொண்டு, "சேத்தைத் தவிர இங்க ஒண்ணுமே இல்லையே மேடம்" என்றாள்.

நான் வாயைத் திறப்பதற்குள், மட்டிக் கூடையோடு நிமிர்ந்த நாகம்மா முந்திக்கொண்டாள். கண்ணாடியும் இல்லை, ஓட்டப்பந்தய ஷூவும் இல்லை, ஆனால் குரல் மட்டும் அப்படியே சாரதா மேடம்.

"மள்ளீ சூடம்மா!"